முத்தை உரிச்சா எத்தனை வட்டம்?

கணக்கு வகுப்பில் படம் ஓடும்போது பிள்ளைகள் கண் விரிவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின நாள் சாயந்தரம் நடக்கிற கூத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!

பத்தாம் வகுப்பு, அளவியல். பாடநூலில் இருக்கிற கியூஆர் குறியைக் கைபேசியில் காட்டினால் காணொலி வந்து நிற்கும். 2018 முதல் வந்த புதுப் பாடநூல்கள் கொண்டுவந்த வசதி இது. 2019 ஆகஸ்ட் 26-ல், சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. 2023-ல் பாடக் காணொலிகளுக்கான மணற்கேணி செயலியும் சேர்ந்துகொண்டது. பந்தி பெரிது, இலையில் எதை வைப்பது என்பதுதான் டீச்சர்களான எங்கள் வேலை!

முழுக் காணொலியையும் போட மாட்டேன். மூன்று நிமிடத் துண்டு போதும். சிக்னலை நம்பாமல் ராத்திரியே இறக்கிவிடுவேன். அப்புறம்தான் ரகசிய வேலை: எந்த நொடியில் நிறுத்துவது? விடை திரைக்கு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால்! காணொலியின் உயிரே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

மறுநாள். திரையில் ஒரு கமலாப்பழத்தைக் குறுக்கே வெட்டி, அந்த வட்டத்தைத் தாளில் வரிசையாக வரைகிறார்கள். தோலை உரித்து முதல் வட்டத்தில் அடுக்குகிறார்கள். டக்கென்று நிறுத்தினேன்.

“ஏலேய், மொத்தத் தோலும் எத்தனை வட்டத்தை ரொப்பும்? சொல்லுங்க பாப்போம்!”

“ரெண்டு டீச்சர்!”

“மூணு!”

“போல, அஞ்சு வரும்!”

எல்லாரையும் நோட்டில் எழுதவைத்தேன். படத்தை ஓட்டவில்லை, பையிலிருந்து நிஜப் பழங்களை எடுத்தேன்! வகுப்பே மணத்தது. தோலைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து, இடைவெளி விடாமல் அடுக்க அடுக்க, நாலாவது வட்டம் நிரம்பும்போது தோல் தீர்ந்தது. என்ன கூச்சல்! அதற்கப்புறமே காணொலியை ஓடவிட்டேன். திரையிலும் நாலு! கோளத்தின் புறப்பரப்புச் சூத்திரத்தில் முன்னால் நிற்கிற 4 எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது.

“டீச்சர், முத்தை உரிச்சாலும் நாலுதானா?”

எங்கள் கொற்கைப் பிள்ளை இதைக் கேட்காமல் இருக்குமா! பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர். கடல் இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான். உருண்டையான எதற்கும் நாலுதான் என்றேன். கையோடு அடுத்த கேள்வி: 4 மில்லிமீட்டர் முத்தைவிட 8 மில்லிமீட்டர் முத்து எத்தனை மடங்கு கனம்? “ரெண்டு!” என்றவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத் திகைத்தார்கள். விட்டம் இரட்டித்தால் புறப்பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு. எடையும் 8 மடங்கு! அந்தக் காணொலியில் இந்தக் கணக்கு இல்லை. காணொலி நின்ற இடத்தில் பிறந்த கணக்கு இது.

அடுத்த வகுப்புக்கு: ஒரே ஆரம், ஒரே உயரம், ஓர் உருளையை நிரப்ப எத்தனை கூம்பு மணல் வேண்டும்? காணொலி இறக்கியாச்சு, நிறுத்துகிற நொடியைக் குறிச்சாச்சு, தாமிரபரணி மணலும் வாளியில் ரெடி!