கரிபூ மான்கள் கன்று போடும் இடத்தில் சுரங்கமா? கனடாவில் என்ன பிரச்சினை?

1986இல் சுமார் 4,70,000. 2021இல் சுமார் 6,200. வட கனடாவின் பாதர்ஸ்ட் கரிபூ மந்தையில் இருந்த மான்களின் எண்ணிக்கைதான் இது. ஆமாம், பூஜ்யத்தை விட்டுவிடவில்லை, சரியாகத்தான் படித்தீர்கள்.

கரிபூ என்பது துருவப் பகுதியில் வாழும் மான் இனம். சினையான பெண் மான்கள் வசந்த காலத்தில் பல நூறு கிலோமீட்டர் நடந்து, ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரே பகுதிக்கு வந்து சேரும். ஜூன் முதல் வாரங்களில் அங்கேதான் கன்று போடும். ஏன் அந்த இடம்? ஓநாய்கள் குறைவு. கொசுத்தொல்லை தொடங்க இன்னும் நாள் இருக்கும். பால் சுரக்கத் தேவையான இளம்புல்லும் அப்போதுதான் துளிர்க்கும். ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று. அந்த முதல் சில நாட்களில் ஹெலிகாப்டர் சத்தத்திலோ துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலிலோ தாய் மிரண்டு ஓடினால், கன்று தனியாகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மந்தை சரிந்ததற்குச் சுரங்கம் மட்டுமே காரணம் இல்லை. பருவநிலை மாற்றம், ஓநாய், வேட்டை எல்லாமே பேசப்படுகின்றன. ஆனால், எகாட்டி (1998), டயாவிக் (2003) என்று வைரச் சுரங்கங்கள் இந்த மந்தையின் கோடைக்கால மேய்ச்சல் பகுதியில் வந்தன. அவற்றைச் சுற்றி சுமார் 14 கி.மீ. வரை மான்கள் ஒதுங்கிப் போவதாக 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. மேய்ச்சல் நிலத்திலேயே இப்படி என்றால், கன்று போடும் இடத்தில்?

அந்த இடம் இருப்பது நூனவுட் பிரதேசத்தில். சிக்கலும் அங்கேதான். 1993 ஒப்பந்தப்படி சில நிலங்களின் கனிம உரிமை இனூயிட் மக்களின் அமைப்புகளிடமே இருக்கிறது. அதனால் 'கம்பெனி கெட்டது, பழங்குடிகள் நல்லவர்கள்' என்று இதைச் சுருக்கிவிட முடியாது. வேட்டைக்காரர் சங்கங்கள் பாதுகாப்பு கேட்கின்றன. அதே சமூகத்தின் இன்னொரு அமைப்போ கிரேஸ் பே துறைமுகத்துக்கு சுமார் 230 கி.மீ. சாலை வேண்டும் என்கிறது. அந்தச் சாலை இதே மந்தையின் வாழ்விடத்தில்தான் வரும். வேலை வேண்டும், வருமானம் வேண்டும். அதுவும் நியாயம்தானே.

2016இல் நூனவுட் அரசு, கன்று ஈனும் நிலங்களில் முழுத்தடை என்ற நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. ஆனால் 2023இல் அங்குள்ள திட்டமிடல் ஆணையம் சமர்ப்பித்த நிலப்பயன்பாட்டுத் திட்டம், அந்த இடங்களில் சுரங்கத்தைத் தடுக்கச் சொன்னது. இது சட்டமாக மத்திய அரசு, நூனவுட் அரசு, இனூயிட் அமைப்பு மூன்றும் சம்மதிக்க வேண்டும்.

இதற்கிடையே, பக்கத்திலுள்ள வடமேற்குப் பிரதேசத்தில் 2015 முதல் இந்த மந்தையை வேட்டையாடத் தடை. தலைமுறை தலைமுறையாகக் கரிபூ இறைச்சியை நம்பியிருந்த குடும்பங்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டன. சுரங்க லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.