செப்பேட்டில் இல்லாத பிள்ளைகள்

பாகூருக்குக் கல்விப் பெருமை ஒன்று உண்டு. பாகூர்ச் செப்பேடு என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. 9-ஆம் நூற்றாண்டுச் சங்கதி. பாகூரில் நடந்துவந்த வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயை மானியமாக விட்டதைச் சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் கல்லூரி இருந்தது என்று மேடைதோறும் பேசுகிறோம். பேசலாம், தப்பில்லை.

அந்தக் கல்லூரியில் நடந்தது வேதமும் சாத்திரமும். படித்தவர்கள் யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஊர் வயலிலும் சேற்றில் இறங்கியவர்களின் பிள்ளைகள் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. செப்பேட்டில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுக்குள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெற்றுவிடுகின்றன. வரி கணக்கிடும்போது கழித்துவிட வேண்டிய நிலமாக!

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பள்ளி வாசல்களில் பேனர் கட்டுகிறார்கள். இத்தனை விழுக்காடு தேர்ச்சி, கபடியில் கோப்பை, கட்டுரைப் போட்டியில் பரிசு. நானும் நின்று படித்து மகிழ்கிறவன்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்கப் பிள்ளைகள் எப்படிச் சேர்ந்து இருந்தார்கள் என்று எந்தப் பேனரும் சொல்வதில்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், ஆண்டு விழாவில் யார் வரவேற்புரை சொன்னார்கள், யார் நாற்காலி தூக்கினார்கள்? நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை பாதிச் சாதனை இந்தக் கேள்விகளின் விடையில்தான் இருக்கிறது. இதை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்டு ஒரு பள்ளியைக் கட்டிய மனிதர் ஒருவர் உண்டு. பள்ளியும் தூரத்தில் இல்லை. பாகூரிலிருந்து கடலூர் போய்ப் பேருந்து மாறினால் வந்துவிடும் சிதம்பரத்தில் இருக்கிறது.

அவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27-இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாற மறுத்ததால் படிப்பு பாதியில் நின்றது. குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனது. வட ஆர்க்காட்டிலிருந்து எத்தனையோ சேரிக் குடும்பங்கள் போன வழி அது. பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் மடத்தில் சேர்ந்து தமிழும் வடமொழியும் கற்றார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. 1910 வாக்கில் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தைக் கவனியுங்கள். ஓமக்குளம். தில்லைக்குள் நுழையத் துடித்த நந்தனாரைத் தீயில் இறங்கச் சொன்னார்களே, அந்தத் தீ வளர்த்த இடம் என்று மக்கள் காட்டும் இடம். அங்கேதான் 1916-இல் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். எனக்கு நந்தனார் கதையோடு தீராத மனத்தாங்கல் உண்டு. எரித்துப் புனிதமாக்கிய பிறகுதான் உள்ளே விடுவோம் என்பதைப் பக்தி என்று கொண்டாட எனக்கு மனம் வராது. சகஜானந்தர் சைவர், வேதாந்தி, காங்கிரஸ்காரர். அவரோடு எனக்கு உடன்படாத இடங்கள் நிறைய. ஆனாலும் எரித்த இடத்தில் போய்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய அந்தத் துணிச்சலை எப்படி மறுப்பது?

அந்தப் பள்ளி பாடம் மட்டும் சொல்லித் தந்த இடமல்ல. மடம், தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் அது. வரப்பும் களமும் தவிர வேறு பார்க்காத பிள்ளைகள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஊரில் இருந்திருந்தால் ஆண்டை கூப்பிட்ட நேரத்துக்கு மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருக்க வேண்டும். விடுதிக்குள் வந்துவிட்ட பிள்ளையை அப்படிக் கூப்பிட முடியாது. விடுதி என்பது நமக்கு என்ன என்று விடுதியில் படித்தவர்களைக் கேளுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு இருக்கிறது, நாளைக்குச் சோறு இருக்கிறது என்ற நிம்மதி. இதை மதிப்பெண் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெண் பிள்ளைகளுக்கும் நந்தனார் பெயரிலேயே பள்ளி உண்டானது. இன்று ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நிற்கின்றன. சகஜானந்தர் 1926-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகப் போனார். 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியில் வென்றார். 1959 மே 1-இல் இறக்கும்போதும் அவர் சட்டமன்ற உறுப்பினர்.

அதே வட்டாரத்தில் மற்றப் பள்ளிகள் எப்படி இருந்தன என்பதற்கு எல். இளையபெருமாள் சாட்சி. காட்டுமன்னார்கோயிலில் 1924-இல் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கென்று தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அவர் அதை உடைத்தார். மறுபடி வைத்தார்கள். மறுபடி உடைத்தார். கடைசியில் தனிப்பானை போயிற்று. 1952-இல் நாடாளுமன்றத்துக்குப் போனவர், 1965-இல் தீண்டாமை பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார். 1969-இல் வந்த அந்த அறிக்கையை இளையபெருமாள் குழு அறிக்கை என்றே சொல்கிறோம். பானையை உடைத்த பையனைத்தான் நாட்டின் தீண்டாமையைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். அவரைவிடத் தகுதியானவர் யார்?

நம் புதுச்சேரிப் பக்கம் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1920-களிலிருந்து தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளி நடத்தியது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு மூலம் அந்த ‘லேபர் ஸ்கூல்’தான். நாமோ பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தோம். 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்து, பட்டியல் சாதியினர் யார் யார் என்ற குடியரசுத் தலைவர் ஆணை புதுச்சேரிக்கு வந்தது 1964-இல். இந்தியாவின் மற்றப் பகுதிக்கு 1950-இல் வந்த ஆணை அது. நந்தனார் பள்ளிக்கு 48 வயதானபோதுதான் நமக்குச் சாதிச் சான்றிதழ் என்ற காகிதமே சட்டப்படி உண்டானது. நம் வீடுகளில் தாத்தா காலத்துப் படிப்புக்கும் பக்கத்துக் கடலூர் மாவட்ட உறவினர் வீட்டுப் படிப்புக்கும் ஏன் இடைவெளி என்று யோசிப்பவர்கள் இந்தப் பதினான்கு ஆண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. புதுச்சேரி மாநிலத்தின் ஐந்து தனித் தொகுதிகளில் ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் என நான்கு இந்தக் கிராமப்புறத்தில்தான் இருக்கின்றன. அரசுப் பள்ளி இல்லாத பெரிய கிராமம் இல்லை. நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பெற்றோர் பலருக்கு அது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறி, 2025-இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முதன்முறையாக அந்த வாரியத் தேர்வை எழுதின. பாடம் கடினமா, ஆங்கிலம் பிரச்சினையா என்பதைப் பலரும் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் 80 மதிப்பெண்தான் பொதுத்தேர்வில். மீதி 20 பள்ளிக்குள்ளேயே போடப்படுகிறது. பருவத் தேர்வு, வகுப்பில் பல வகையில் வைக்கும் மதிப்பீடு, பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு, செய்முறையும் பேச்சுப் பயிற்சியும் போன்ற பாடச் செயல்பாடு, இவற்றுக்குத் தலா 5. உடற்கல்வி, கலை போன்றவற்றுக்குத் தனியே தரநிலை உண்டு.

பழைய முறையில் வருடம் முழுக்கப் பின் பெஞ்சில் ஒடுங்கிக் கிடந்த பிள்ளையும் கடைசி இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறிவிடலாம். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளையின் தெரு தெரியாது. இப்போது அந்த 20 மதிப்பெண் பள்ளிக்கூடத்தின் அன்றாட வாழ்க்கைக்குள் இருக்கிறது. குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டில் நம் பிள்ளையை யார் சேர்த்துக்கொள்கிறார்கள்? சார்ட் பேப்பரும் பிரின்ட் எடுக்கக் காசும் இல்லாதவளுக்குக் கோப்பில் என்ன மதிப்பெண்? நடவுக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூன்று நாள் நின்றுவிட்ட பெண், அந்த மூன்று நாளில் நடந்த பேச்சுப் பயிற்சியை மறுபடி செய்யக் கிடைக்கிறதா? ஆசிரியர்கள் எல்லோரும் பாகுபாடு பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போட்டிக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் பானைக்கும் மதிப்பெண்ணுக்கும் அன்று தொடர்பில்லை. இன்று உண்டு.

பள்ளிக்குள் சாதி இல்லை என்று சொல்கிறவர்களுக்கு நாங்குநேரியை நினைவூட்டுகிறேன். 2023 ஆகஸ்டில் உடன் படித்தவர்கள் ஒரு பட்டியலின மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் தப்பவில்லை. அந்த மாணவர் மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 எடுத்தார். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவரை அகர வரிசையில் உட்கார வையுங்கள், கையில் வண்ணக்கயிறு வேண்டாம், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்காதீர்கள், பள்ளியின் பெயரில் சாதி அடையாளம் வேண்டாம் என்று நீள்கிறது அது. கடைசிப் பரிந்துரை பற்றி நமக்குள்ளேயே வாதம் உண்டு. பெயர்ப்பலகையோடு நமக்கென்று ஒதுக்கிய பணமும் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. 2025-இல் தமிழ்நாட்டு அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்றாக இருக்கிறது. கழிவறைக்குக் கதவு இருக்கிறதா என்றும் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த அறிக்கை தமிழ்நாட்டுக்கு எழுதப்பட்டது. வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு தலைமையாசிரியர் அகர வரிசையில் பிள்ளைகளை உட்கார வைக்க எந்த அரசாணையும் தேவையில்லை. “எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு” என்று வகுப்பில் கூவாமல், தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கவும் தேவையில்லை. அந்தக் குரலுக்குக் கூனிப்போய் எழுந்து நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகை 2012-இலிருந்து இருக்கிறது. அது சலுகையல்ல, சேர வேண்டிய பணம். வெட்கப்பட்டு விண்ணப்பம் போடாமல் விடும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன்.

பெற்றோர் கையில் ஒரு கருவி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவு. எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் காலனியிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “நம்ம கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க, எதுக்குன்னு தெரியாது” என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவர்தான் அந்தக் குழுவின் உறுப்பினர்! நூறு நாள் வேலைக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர் எப்படிப் போவார்? மாலை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள் என்று நாலு தாய்மார் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். எழுதிக் கொடுக்க நம் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள்.

போய்க் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. இந்தப் பருவத்தில் என் மகளுக்கு உள்மதிப்பீட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள், எதில் குறைந்தது, மறுபடி செய்ய வாய்ப்பு உண்டா? காலையில் இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளை எப்போது கூப்பிடுவீர்கள்? இவ்வளவுதான். கேட்கும்போது மதிப்பெண் அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெருவில் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.

ஆண்டுதோறும் ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் சகஜானந்தர் மணிமண்டபத்தில் பிறந்தநாள் விழா நடக்கிறது. குடியரசு நாள் முடிந்த மறுநாள். மாலை போடும் தலைவர்கள் கூட்டம் மதியத்துக்குள் கலைந்துவிடும். அதன் பிறகு ஓமக்குளத்தையும் இரண்டு நந்தனார் பள்ளிகளையும் பிள்ளைகளோடு நடந்தே சுற்றிப் பார்க்கலாம். வில்லியனூரிலிருந்து ஒரு வேன், பாகூரிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்ய இளைஞர் மன்றங்கள் முன்வந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஏற்றுங்கள், அவர்களுக்குத்தான் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. கட்டுச்சோறு வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடலாம்.