கழிவில் பின்னிய கட்டில்

கயிற்றுக் கட்டிலில் சட்டம் வேறு, படுக்கும் பரப்பு வேறு. நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் மரத்தாலோ இரும்புக் குழாயாலோ அமைய, உடலின் எடையைத் தாங்கும் பரப்பு முழுவதும் அவற்றின் மீது இழுத்துப் பின்னிய கயிற்றால் ஆகிறது. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தங்கியிருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இங்குள்ள கட்டிலை ஒரே ஆள் தூக்கிச் செல்லலாம் என்றும், அது பட்டாலோ பருத்தியாலோ பின்னப்பட்டது என்றும் குறித்திருக்கிறார். பருத்தி, தேங்காய் நார், சணல், நைலான் நாடா என ஊருக்கும் காலத்துக்கும் ஏற்பப் பின்னும் பொருள் மாறினாலும் அமைப்பு மாறாததால், இன்று அதே சட்டத்தில் ஆலைக் கழிவையும் பின்ன முடிகிறது.

திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் துணியை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை ‘கட்டிங் வேஸ்ட்’ என்பர். பனியன் துணியை விரலகலப் பட்டையாகக் குறுக்கே நறுக்கி இழுத்தால், அதன் இரு ஓரங்களும் தாமாகவே உட்புறம் சுருண்டு, தையலின்றியே உருண்டையான கயிறுபோல் ஆகிவிடும். ஆனால் இழுத்தால் நீளும் அதே குணத்தால் அது எடை தாங்கும்போது தொய்ந்துவிடும் என்பதால், பல பட்டைகளைச் சேர்த்து முறுக்கியோ, நீளாத பாலியஸ்டர் இழையை உடன் சேர்த்தோதான் கட்டிலுக்குப் பயன்படுத்த வேண்டும். கட்டிலில் பின்னப்படும் மற்றொரு கழிவான சிப்ஸ், பிஸ்கட் உறைகளின் நிலை வேறு: பிளாஸ்டிக் படலங்களும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்து உருக்குவது கடினம், கழுவி, பட்டையாக நறுக்கி, முறுக்கிக் கயிறாக்குவதற்கோ உருக்க வேண்டிய தேவையே இல்லை.

பின்னுபவர் தலைமாட்டிலிருந்து தொடங்கி, கால்மாட்டில் ஏறத்தாழ ஒரு முழ இடைவெளி விட்டு, அங்கே குறுக்குக் கயிறு ஒன்றைக் கட்டி, அதற்கும் கால்மாட்டுச் சட்டத்துக்கும் இடையே தனிக் கயிற்றைப் பலமுறை ஓட்டி இறுக்குகிறார். கட்டில் தொய்ந்தால் அந்த ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். பின்னலில் கைவைக்க வேண்டியதில்லை. மரம், நுரை, துணி ஆகியவை ஆணியாலும் பசையாலும் பிணைந்து, ஒன்று கெட்டால் மூன்றையும் வெளியே எறியவைக்கும் சோபாவோடு ஒப்பிட்டால், இக்கட்டிலின் சிக்கனம் கழிவைப் பயன்படுத்துவதில் மட்டுமன்று, அதைவிட இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

இருப்பினும் விற்பனையாளர்கள் எளிதில் சொல்லாத குறை ஒன்றுண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்வதால், முற்றத்தில் கிடக்கும் உறைக்கயிற்றுக் கட்டில் நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். தாழ்வாரத்து நிழலே அதற்கு ஏற்ற இடம். அறுந்த பருத்திக் கயிறும் தேங்காய் நாரும் மண்ணில் மக்கிவிடும், உறைக்கயிறோ குப்பைமேட்டிலிருந்து சில ஆண்டுகள் விலகியிருந்துவிட்டு அங்கேயே திரும்பிச் செல்லும்.