காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: எந்தப் பாட்டின் மீது புகார் வருகிறது?

முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் ஊர்த் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டியதும் எந்தப் பாட்டு முதலில் ஒலிக்கிறது என்பதை வெறும் இரசனைக்குரிய செய்தியாக இங்கு எவரும் எடுத்துக்கொள்வதில்லை. 1992இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ திரைப்படத்தின் பாட்டொன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமிதத்தின் கீதமாக மாறியதை அறிவோம். குழாய் எந்தத் தெருவை நோக்கித் திருப்பிக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே அப்பாட்டின் பொருள் அமைகிறது. இந்த ஒலிக்குள் வளரும் மாணவர்கள், சாதிக்கு எதிராகவே தொடங்கப்பட்ட ஓர் இசைக்குழுவுக்கு நேர்ந்தவற்றைத் தெரிந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறோம்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இன் இறுதியில் உருவாக்கிய குழு ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதி பேதமற்ற’ என்னும் சொல்லாட்சியிலிருந்து பெறப்பட்டது. கபேர் வாசுகியுடன் ‘குரங்கன்’ என்னும் ராக் குழுவை நடத்தியவர் டென்மா. அவருடைய கிட்டாரும் டிரம்ஸும் வடசென்னை இறப்பு வீடுகளின் கானாவோடும், சட்டி, பறை, கட்டை மோளம் ஆகியவற்றோடும் ஒரே மேடையில் அமர்ந்தன. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. பத்தொன்பது பேர் மேடையேறினர். அவர்களுள் இசைவாணி ஒருவரே பெண். அது மார்கழி மாதம் என்பதையும், சபாக்களின் கச்சேரிக் காலம் என்பதையும் மறக்கலாகாது. இட ஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் வடசென்னை வாழ்வும் அன்று பாடுபொருளாயின.

பங்க் இசையோடு இக்குழுவை ஒப்பிடுவோர் உண்டு. ஒலியைக் காட்டிலும் நோக்கத்தில் அவ்வொப்புமை பொருந்தும். 1976இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ராக் அகைன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம், 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியா பூங்காவில் ‘தி கிளாஷ்’ என்னும் பங்க் குழுவையும் ‘ஸ்டீல் பல்ஸ்’ என்னும் கறுப்பினத்தவரின் ரெகே குழுவையும் ஒரே மேடையில் நிறுத்தியது. ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. பறையடிப்பதை இழிதொழிலாகச் சுமத்திய சமூகத்தின் முன்னாலேயே அதே பறையை விருப்பத்தோடு எடுத்து வந்த நிலை அங்கு எவருக்கும் இருந்ததில்லை.

பின்னர் குழுவினர் பல திசைகளில் வளர்ந்தனர். அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் சென்றது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அவர் முகம் இல்லாமற்போனது பெரும் விவாதமாயிற்று. பாடகரின் பெயர் விடுபடுவதை மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட வேண்டியதில்லை. படைப்பாளி எனத் தன் பெயரைக் கோரும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு எழுதியவருக்கும், 2012 திருத்தத்தால் வந்த 38ஆ பிரிவு நிகழ்த்துநருக்கும் தருகின்றன. நம் நாட்டுப்புறக் கலைஞர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நீலம் 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, 2021இல் மதுரைக்கும் கோவைக்கும் சென்றது.

இசைவாணிக்கு நேர்ந்தது வேறு. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர் அவர். சபரிமலைத் தீர்ப்பை ஒட்டி 2018இல் குழு உருவாக்கி அவர் பாடிய பாடலொன்று, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில், மாலை போடும் பருவத்தில், சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டது. கைது செய்யக் கோரிப் புகார்கள் குவிந்தன, மிரட்டல்களும் வந்தன. பாடலைத் திரித்துப் பரப்புவதாக நீலம் விளக்கமளித்தது. மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கூறும் இத்தகைய புகார்களுக்கு அடிப்படை இந்திய தண்டனைச் சட்டத்தின் 295அ, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்துடன் செய்யப்படும் அவமதிப்பு மட்டுமே 295அ பிரிவுக்குள் வரும் என்று வரையறுத்தது. அத்தீர்ப்பு வந்தது 1957இல். முதுகுளத்தூர் அமைதிப் பேச்சுக்கு மறுநாள் இம்மானுவேல் சேகரனார் பரமக்குடியில் கொல்லப்பட்ட ஆண்டும் அதுவே. உள்நோக்கத்தை மெய்ப்பிக்க முடியுமா என்று எவரும் கேட்பதற்கு முன்பே பாடகியின் தொலைபேசி மிரட்டல்களால் நிரம்பிவிடுகிறது. மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய கோவன் 2015இல் தேசத்துரோகப் பிரிவில் கைதானதும் நினைவிருக்கும்.

மறுபுறம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகைமையையோ வெறுப்பையோ தூண்டுவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் இப்பிரிவைச் சுட்டி நாங்கள் எழுதிய மனுக்களுக்குக் கிடைத்த முதல் பதில், “பாட்டுக்கெல்லாமா வழக்கு?” என்பதே. ஒருவர் தம் சாதியைப் புகழ்ந்து பாடுவது மட்டும் இப்பிரிவுக்குள் வராது. ஷாஜன் ஸ்கரியா வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, வெறுப்பு தனியாளுக்கு எதிராக அன்றி அச்சமூகத்தவர் என்ற குழுவுக்கு எதிராகத் தூண்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே பாட்டின் சொற்கள், அது ஒலித்த இடம், குழாயின் திசை, உடன் எழுந்த முழக்கங்கள் அனைத்தும் மனுவில் இடம்பெறுவது அவசியம்.

பாட்டு ஒலிக்கும்போதே கைபேசியில் தெருவும் குழாயும் தெரியும்படி பதிவு செய்யுங்கள். அசல் கோப்பை அழிக்காதீர்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் நம்ப வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) பிரிவுப்படி மின்னணுச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். பதிவு செய்தவரே அதற்கு முன்வருவது நல்லது. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 18அ பிரிவு சொல்கிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால் மனுவை விரைவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். 4ஆம் பிரிவின்கீழ்க் கடமை தவறிய அலுவலர் மீது நடவடிக்கை கோரும்போது அது தேவைப்படும்.