சாப்பிட உட்கார்ந்தால் நாய் வந்து நிற்கிறதா?

வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் வளர்ப்பு நாயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தட்டையும் வாயையும் மாறி மாறிப் பார்க்கும். முன்னங்காலால் பிறாண்டும். "பாவம், வாயைப் பார்க்குதே!" என்று தாத்தா ஒரு துண்டு இட்லியைச் சாம்பாரில் தோய்த்துப் போடுவார். அவ்வளவுதான், பழக்கம் ஒட்டிக்கொண்டது.

'சித்த மருத்துவருக்கு நாய் விஷயத்தில் என்ன வேலை?' என்று கேட்கலாம். பத்தியம் நாய்க்கும் உண்டு. நமக்கு மருந்தாகும் பொருளே அதற்கு நஞ்சாகலாம்.

நம் சாப்பாடு, அதற்கு ஆபத்து

வாயுத் தொல்லைக்குப் பூண்டு, உடல் சூட்டுக்குச் சின்ன வெங்காயம் என்று நோயாளிகளுக்கு நானே சொல்கிறேன். ஆனால், இவை இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கக்கூடியவை. பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் ஒன்றுதான். பெரும்பாலும் அன்றே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். 'சாம்பார் சாதம்தானே போட்டோம்!' என்று காரணம் புரியாமல் தவிப்போம்.

பாயசத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். இவற்றை நாய் தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு. கையில் முறுக்கோடு நடக்கும் குழந்தையிடம் நாய் எட்டிப் பிடுங்கும்போது பல் பட்டுவிடும். பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

ஏன் விடாமல் கேட்கிறது?

1904-ல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ், உணவோடு பழகிய ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். நம் வீட்டில் தட்டுச் சத்தமே போதும்! எப்போதாவது ஒரு துண்டு போடுவதுதான் பழக்கத்தை இன்னும் இறுக்கும். 'இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு' என்று நாய் நம்பிக் காத்திருக்கும்.

மாற்றுவது எப்படி?

1. நீங்கள் சாப்பிடும் முன்பே, நாய்க்கு அதன் கிண்ணத்தில், அதன் இடத்தில் உணவு வையுங்கள். வளர்ந்த நாய்க்கு நாளுக்கு 2 வேளை போதும்.

2. சாப்பிடும் இடத்திலிருந்து தள்ளி ஒரு சாக்கை விரியுங்கள். மற்ற நேரங்களில், "போய்ப் படு" என்று சொல்லிப் பழக்குங்கள். படுத்ததும் அதன் உணவிலிருந்தே சிறிது கொடுங்கள். முதலில் 10 விநாடி, பிறகு 1 நிமிடம் என்று கூட்டுங்கள். காபி குடிக்கும் நேரத்தில் ஒத்திகை பாருங்கள். பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு வரலாம்.

3. சாப்பிடும்போது அது வந்து நின்றால் பார்க்காதீர்கள், பேசாதீர்கள். திட்டினால் அதையும் 'கவனிப்பு' என்றே எடுத்துக்கொள்ளும். அடிக்கவே கூடாது.

4. முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகக் குரைக்கும். இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். அப்போது கொடுத்தால், 'இன்னும் சத்தம் போட்டால் கிடைக்கும்' என்று கற்றுக்கொடுத்தது போலாகும்.

5. அமைதியாக இருந்தால், எல்லோரும் எழுந்த பிறகு அதன் கிண்ணத்தில் ஏதாவது வையுங்கள், தட்டிலிருந்து வேண்டாம்.

வீட்டில் ஒருவர் மாறினாலும் எல்லாம் வீண். தாத்தாவுக்கு மனசு கேட்காதுதான். நாய்க்குக் கிண்ணத்தில் சாப்பாடு வைக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். பாசமும் குறையாது, பத்தியமும் கெடாது.

இதுவரை கேட்காத நாய் திடீரென்று பசி பசி என்று அலைந்தால் அது பழக்கம் அல்ல. குடற்புழுவாக இருக்கலாம், நீரிழிவாகவும் இருக்கலாம். பரிசோதனை செய்யுங்கள்.

பல நாய்கள் சில வாரங்களில் மாறிவிடும். அதுவரை உறுதியாக இருக்க வேண்டியது நாய் அல்ல, நாம்தான்!