பழைய வண்டியில் ஒரு பாடம்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் 'ஷாப் கிளாஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. ஷாப் என்றதும் கடைகண்ணி என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! அது பட்டறை வகுப்பு. கணக்கு, சரித்திரம் மாதிரியே மரவேலை, வெல்டிங், மோட்டார் ரிப்பேர் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட தொழில் வகுப்புகளுக்கு அந்த நாட்டு மத்திய அரசே பணம் தரும்படி 1917-ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் என்று ஒன்றும் வந்தது.

அந்தப் பட்டறையில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கேயோ கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, ஓட வைக்க வேண்டும். பிக்கப் என்றால் முன்னால் டிரைவர் உட்கார இடம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. நம் ஊர் 'குட்டி யானை'க்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டியைக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். இந்தக் கால வண்டியில் பானெட்டைத் திறந்தால் பாதி கம்ப்யூட்டர்தான். பழையது அப்படியில்லை. 1947-ல் வந்த செவர்லே பிக்கப்பை எடுத்துக்கொண்டால், வரிசையாக ஆறு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். பெட்ரோல் எந்த வழியாக வருகிறது, காற்று எங்கே கலக்கிறது, பொறி எங்கே பற்றுகிறது என்று கண்ணால் பார்த்துக் கையால் தொடலாம். நம் நாட்டில் அந்தக் கால ஜீப்பும், 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாஸடரும் இதே ஜாதிதான்.

பிரிப்பது சுலபம்; மாட்டுவதில்தான் இருக்கிறது சங்கதி. கிரைண்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு ஒரு வாஷர் மிஞ்சி நிற்கிறபோது நமக்கு வயிற்றைக் கலக்குமே, அது மாதிரி! அதனால் கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். நம் அஞ்சறைப் பெட்டி நியாயம்தான். இறுகிப்போன போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, லேசாகத் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். துருவைச் சுரண்டி உடனே பிரைமர் அடிக்காவிட்டால் மழைக்காலத்தில் மறுபடியும் பூத்துவிடும். பிரேக்கில் ஒரு துளி எண்ணெய்க் கசிவு இருந்தாலும் வண்டி வெளியே போகக் கூடாது. பரீட்சைப் பேப்பரில் தப்பான விடைக்கு அரை மார்க்காவது போட்டுவிடுவார்கள். இஞ்சின் அப்படிப் பாவம் பார்க்காது. தப்பிருந்தால் ஸ்டார்ட் ஆகாது.

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்ற ஊரில் மைண்ட்டிரைவ் என்று ஓர் அமைப்பு. படிப்பில் பின்தங்கி, பள்ளியை விட்டே நின்றுவிடுவார்களோ என்று பயப்பட வைத்த பிள்ளைகளை அழைத்துப் பட்டறையில் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் 1967-ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன் கார்மன் கியா கார் ஒன்றைச் சீர்செய்து, பெட்ரோல் இஞ்சினுக்குப் பதில் மின்சார மோட்டார் பொருத்தி, 2013-ல் தலைநகர் வாஷிங்டன் வரைக்கும் ஓட்டிப் போனார்கள். வகுப்பில் கணக்கு ஏறாத பிள்ளைக்கும் பாட்டரிக் கணக்கு புரியத்தானே செய்தது!

அவ்வளவு தூரம் எதற்கு? கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்து, அவரிடமிருந்தே அந்த வண்டியை வாங்கினார். வாங்கினவர் ஜம்மென்று ஏறிச் சவாரி போனாரா? முதல் காரியமாக அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்! பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்து, அதுதான் அவருடைய காலேஜ். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டவர், பிறகு பெரிய பஸ் கம்பெனிக்கே சொந்தக்காரரானார். 1945-ல் அவர் முயற்சியால் ஆரம்பித்த ஆர்தர் ஹோப் கல்லூரிதான் வளர்ந்து இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது. கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் 2015-லிருந்து பழைய கார்களின் காட்சிசாலை இருக்கிறது. கோவைப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.

அப்படி இருந்தும், "எம் பையன் மெக்கானிக் படிக்கிறான்" என்று சொல்லும்போது நமக்கு ஏன் குரல் இறங்கிப்போகிறது? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1953-ல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் படித்து, மீதி நாள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றார். குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. கொதித்ததில் தப்பே இல்லை. சவரம் செய்கிறவர் பிள்ளை கத்தியோடும் துணி வெளுக்கிறவர் பிள்ளை உவர்மண்ணோடும் நின்றுபோக வேண்டியதுதானா? 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் போயிற்று. ஆனால் கைவேலை என்றாலே தாழ்வு என்ற எண்ணம் மட்டும் நம் மனசில் தங்கிவிட்டது. தகப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவது வேறு, எந்த வீட்டுப் பிள்ளையும் ஆசைப்பட்டு ஸ்பானரைப் பிடிப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் தம்பி மகன். எங்கள் காட்டேரிக்குப்பத்தில் கரும்பு லோடு அடித்த பழைய வண்டிகள் நாலு வீட்டுக் களத்திலாவது கிடக்கும். சின்ன வயசிலேயே அதில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டான். பத்தாவதில் நல்ல மார்க். ஆனாலும் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். தம்பி சரி என்றான். அவன் பெண்சாதி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"மார்க் வாங்காத புள்ளைங்க போற எடம் அண்ணி அது. நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று என்னிடம் வந்து அழுதாள்.

"குடுக்கிறவங்க குடுப்பாங்க. இப்ப எழுந்து சோறு தின்னும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

பத்தாவது முடித்தவர்களுக்கு அது இரண்டு வருஷப் படிப்பு. அவர்கள் பட்டறையிலும் ஒரு பழைய ஜீப் இஞ்சின் உண்டு. முதல் தடவை பிரித்து மாட்டியபோது வால்வ் இடைவெளி சரியாக இல்லாமல், மூன்று நாள் திரும்பத் திரும்பக் கழற்றினார்களாம். நாலாவது நாள் அது உறுமியது என்று சொல்ல, ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அத்தை, அந்த சத்தத்தை நீ கேக்கணுமே!" என்றான். வகுப்பில் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்களாம். டப்பாவில் பெயர் எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லையாம். அவன் அம்மாவுக்கு இன்னும் முழு சம்மதமில்லை. ஆனாலும் மிக்ஸி நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுகிறாள்.

பட்டறைக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. நுரையீரலில் போய்த் தங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் காய்ந்தபடியே தேய்க்காமல், தண்ணீர் தொட்டு எமரித் தாளால் தேய்க்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்குக் கீழே, ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல் ஒரு நிமிஷம்கூடப் படுக்கக் கூடாது. மோதிரம், கயிறு, தொங்கும் துப்பட்டா எதுவும் இஞ்சின் பக்கம் ஆகாது.

கையில் ஒட்டிய கிரீஸைப் பெட்ரோலால் கழுவுகிற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். தோல் வறண்டு வெடிக்கும், உடம்புக்கும் கெடுதல். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் சர்க்கரை போட்டு நன்றாகத் தேய்த்து, பிறகு சோப்பு போட்டால் நகக்கண் வரை போய்விடும். பட்டறை உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். பாட்டரி ஆசிட் பட்ட இடத்தை உடனே தண்ணீரில் அலசி, சமையல் சோடா தூவி, மறுபடி அலசினால் துணி ஓட்டையாகாமல் தப்பலாம். கிரீஸ் கறைக்குச் சாக்பீஸ் தூளைத் தூவி, எண்ணெயை உறிஞ்ச விட்டு, அரை மணி கழித்துத் துவைத்தால் பாதிக்கு மேல் போகும். மீதி போகாது. அதற்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கிவிடுவதுதான் நல்லது.