அளந்து வழங்கும் அதிகாரம்

பெரிய மருத்துவமனை ஒன்றில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைந்துள்ளன. இரவுப்பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார். நோயாளியின் பதிவேட்டை அவரால் திறக்க இயலவில்லை. புதிய கடவுச்சொல் வழங்கும் அதிகாரம் உடைய நிர்வாகியோ பணி முடிந்து வீடு சென்றுவிட்டார். இத்தகைய இடர்ப்பாட்டைத் தீர்ப்பது எவ்வாறு?

முழு அதிகாரத்தின் ஆபத்து

வலையமைப்பைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கு உண்டு. புதிய கணக்கைத் தொடங்குதல், மறந்த கடவுச்சொல்லை மாற்றித் தருதல், பூட்டப்பட்ட கணக்கைத் திறத்தல் முதலியன அன்றாடப் பணிகள். இவற்றிற்கு ஆழ்ந்த தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. எனவே, இவற்றைத் துறைதோறும் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஆனால், அதற்காக நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் அவருக்கு வழங்குதல் தகாது. ஓர் அறையைத் திறக்க வேண்டியவரிடம் மாளிகையின் எல்லாச் சாவிகளையும் கொடுப்பதற்கு அஃது ஒப்பாகும். அவருடைய கணக்கு களவாடப்பட்டால் வலையமைப்பு முழுவதுமே பிறர் கைக்குச் சென்றுவிடும்.

குறைந்த அளவு அதிகாரம்

ஒருவர் தம் பணியை முடிக்கத் தேவையான அளவு அதிகாரத்தை மட்டுமே பெற்றிருத்தல் வேண்டும் என்பது கணினிப் பாதுகாப்பின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தனர்.

இக்கோட்பாட்டைச் செயற்படுத்தும் வசதி, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் 2000 இயங்குதளத்தின் ஆக்டிவ் டைரக்டரியில் இடம்பெற்றது. இதில் பயனர் கணக்குகளைத் துறைவாரியாக அலகுகளாகப் பிரிக்கலாம். பின்னர், குறிப்பிட்ட குழுவினர் குறிப்பிட்ட அலகில் குறிப்பிட்ட பணியை மட்டும் செய்யுமாறு அனுமதி வழங்கலாம். செவிலியர் பிரிவிற்குரிய குழுவினர் அப்பிரிவினரின் கடவுச்சொற்களை மட்டுமே மாற்ற இயலும். கணக்குப் பிரிவை அவர்கள் தொட முடியாது. அனுமதியைத் தனி ஒருவருக்கு வழங்காமல் குழுவிற்கு வழங்குவதே சிறந்தது. பொறுப்பாளர் மாறும்போது குழுவின் உறுப்பினரை மாற்றினால் போதும்.

காப்பு முறைகள்

பொறுப்பேற்றவர் நிர்வாகியின் கடவுச்சொல்லையே மாற்றித் தம்மை உயர்த்திக்கொள்ள இயலாதா? இயலாது. நிர்வாகிகளின் கணக்குகளுக்குரிய அனுமதிகள் இயல்பாக 60 நிமிடங்களுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டு, மாறியிருப்பின் முன்னைய நிலைக்குக் கொண்டுவரப்படும்.

எனினும், கருவியால் மட்டும் காக்க முடியாதவையும் உண்டு. தொலைபேசியில் பிறர் பெயரைச் சொல்லிப் புதிய கடவுச்சொல் கேட்போர் உளர். ஆகவே, கேட்பவர் யாரென உறுதிசெய்த பின்னரே மாற்றித் தருதல் வேண்டும். தரப்படும் கடவுச்சொல்லும் தற்காலிகமானதாக இருத்தல் வேண்டும். பயனர் முதன்முறை நுழைந்ததும் அதனை மாற்றிக்கொள்ளுமாறு அமைத்தால், பொறுப்பாளரும் அதனை அறிய இயலாது. யார், எப்போது, எவருடைய கடவுச்சொல்லை மாற்றினார் என்பது பதிவேட்டில் பதியுமாறும் அமைத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதே நோக்கத்திற்குப் பயன்படும் ‘சூடோ’ என்னும் நிரல், 1980ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவாக்கப்பட்டது.

எல்லை வகுத்தல் என்பது ஐயுறவின் அடையாளமன்று. தவறு ஒன்று நேரும்போது, தொடவே இயலாத கணக்கிற்காக எவர்மீதும் பழி விழாது. அளந்து வழங்கிய அதிகாரம் வலையமைப்பைக் காப்பதோடு, பொறுப்பேற்றவரின் நற்பெயரையும் காக்கிறது.